பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவர்கள்

நாட்டியம் படிக்க வேண்டும் என்று சின்ன வயதில் எனக்கு ஒரு தவிப்பு இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் எங்கள் வீட்டில் அதற்கு வழி இருந்திருக்காது. அப்பாவுக்கு நிரந்தர வேலை கிடையாது. அம்மா தறிக்காரி. சலங்கை, உடுப்பு, குருதட்சிணை, அரங்கேற்றச் செலவு என்று போகிற கணக்கில் முதல் வரியைக்கூட எங்களால் தொட்டிருக்க முடியாது. ஆசை அதனால் செத்துப்போகவில்லை. உள்ளேயே கிடந்து ஒருவிதப் பொருமலாக மாறிவிட்டது. டிவியில் யாராவது ஆடினால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். கூட வேலை பார்க்கிறவர்கள் மகளின் அரங்கேற்றப் பத்திரிகையைக் கொண்டுவந்து தந்தால் சிரித்துக்கொண்டே வாங்கி, போகாமல் இருந்துவிடுவேன். நாட்டியம் வசதி உள்ளவர்களுடையது, அதை உட்கார்ந்து ரசிப்பதற்குக்கூட ஒரு படிப்பு வேண்டும், எனக்கு அது இல்லை என்று என் மனசு முடிவு கட்டி வைத்திருந்தது. அந்தப் பொருமல் எப்படிக் கரைந்தது என்று எழுத வேண்டும் என்பது நெடுநாளைய எண்ணம். கரைத்தவை இரண்டு. ஒன்று திருவனந்தபுரம் கனகக்குன்னு மைதானம். இன்னொன்று, கண்ணில் புரை விழுந்து எதிரே நிற்பவர் முகம் தெரியாமல் போன என் அம்மா.

எங்கள் ஊர் தனுவச்சபுரம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கிறது. திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பி பெயரில் 1964-இல் நாயர் சர்வீஸ் சொசைட்டி (என்.எஸ்.எஸ்.) தொடங்கிய கல்லூரியால்தான் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியும். 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது. அந்தப் பாதையில் பாசஞ்சர் வண்டி மட்டும் நின்று போகிற சின்ன ஸ்டேஷன் ஒன்று எங்களுக்கும் உண்டு. தெற்கே கொஞ்ச தூரத்தில் களியக்காவிளை, அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் அந்தப் பக்கம் போயின, நெய்யாற்றின்கரை தாலூகா இந்தப் பக்கம் நின்றது. எல்லைக்கோடு போட்டவர்கள் வீடுகளுக்குள் வந்து கோடு போடவில்லை. பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், கோயில் முற்றத்தில் இரண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

அம்மா பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் பிறந்தவள். பாலராம வர்மா மகாராஜா காலத்தில், உம்மிணித் தம்பி தளவாயாக இருந்தபோது, தமிழ் நாட்டுப் பக்கத்திலிருந்து கூட்டிவந்து குடியேற்றிய நெசவாளர் வம்சம். இருநூறு வருஷம் கழிந்த பிறகும் அந்தத் தெருவில் வீட்டுப் பேச்சு தமிழ்தான். கேரளத்துக்காரர்கள் ஓணத்துக்கு உடுத்துகிற கசவு முண்டும் நேரியதும் அந்தக் குழித்தறிகளிலிருந்தும் வருபவை. அம்மா சிறுமியாக இருக்கும்போது தார் சுற்றினாள், கொஞ்சம் வளர்ந்ததும் தறிக்குழிக்குள் கால் இறக்கினாள். கல்யாணமாகி தனுவச்சபுரம் வந்த பிறகும், முதுகு ஒத்துழைத்த காலம் மட்டும், தறியை விடவில்லை. மேளம் கேட்டால் தாளம் போடுவாளே ஒழிய, சங்கீதம் என்று ஒரு எழுத்து படித்தவள் அல்ல. நாட்டியம் என்றால் அவளுக்குத் ‘தில்லானா மோகனாம்பாள்’தான். 1968-இல் வந்த அந்தப் படத்தில் ஆடிய பத்மினி திருவனந்தபுரத்துப் பெண் என்பதில் அவளுக்கு ஒரு சொந்தக்காரப் பெருமை. “ஆடுனது நம்ம பத்மினி, ஊதுனது மதுரைக்காரங்க” என்பாள். திரையில் சிவாஜி ஊதுவதாக நடிக்க, உண்மையில் நாகஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. வாசித்தவர்களின் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்ததே, அதை நான் அப்போதே கவனித்திருக்கலாம்.

ஜனவரி கடைசியில், மகர மாசத்துக் குளிர் கொஞ்சம் இருக்கும்போது, கேரள சுற்றுலாத்துறை கனகக்குன்னில் நிசாகந்தி நடன விழா நடத்தி வந்தது. மூலம் திருநாள் மகாராஜா காலத்து அரண்மனை, அதைச் சுற்றி மேடும் மரமுமாக விரிந்த வளாகம், அதற்குள் நிசாகந்தி திறந்தவெளி அரங்கம். ஒடிசி, கதக், மணிப்புரி, குச்சிப்புடி, பரதம், மோகினியாட்டம் என்று நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் கலைஞர்கள் வருவார்கள். அனுமதி இலவசம். நான் அந்த ஊரில் வேலை பார்த்தவள். சாயங்காலம் வெள்ளயம்பலம் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கையில் விழாவின் விளக்கு தெரியும், சத்தம் கேட்கும். உள்ளே போனதில்லை. வாசலில் யாரும் தடுக்கவில்லை. என்னைத் தடுத்தது நான் முதலில் சொன்ன பொருமல்.

அம்மாவைக் கண் பரிசோதனைக்காகத் திருவனந்தபுரம் கூட்டிப் போன ஒரு நாள், எல்லாம் முடிந்து வருகையில் இருட்டிவிட்டது. கனகக்குன்னைத் தாண்டும்போது உள்ளேயிருந்து மேளச் சத்தம். அம்மா நின்றுவிட்டாள்.

“மக்ளே, அங்க என்ன கொட்டு?”

“டான்ஸ் ப்ரோக்ராம்மா. வா, பஸ் போயிரும்.”

“காசு கேப்பானா?”

“இல்ல.”

“பிறகென்ன, ஒரு நேரம் இருந்துட்டுப் போவோம்.”

காசு கேட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். இலவசம் என்பதால் மறுக்க ஒரு காரணமும் இல்லை.

பின்னால், மேல்படியில் இடம் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் மேடையில் ஆடுகிற பெண் ஒரு விரல் உயரம். அம்மாவுக்கு அதுவும் இல்லை, வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரியும். அன்று ஒடிசி. நான் ஆடுகிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சின்ன வயசில் பார்த்த அதே கண்ணோடு. இடுப்பு ஒரு பக்கம், தலை மறுபக்கம், நெற்றிச்சுட்டி, வெள்ளி நகை. அம்மா என் கையைத் தட்டி, “இந்த மேளம் எப்படி இருக்கு?” என்று கேட்டாள். எனக்குக் கேள்வி விளங்கவில்லை. “நீளமா இருக்கா, உருண்டையா? ரெண்டு கையாலயும் அடிக்கானா? மடியில வச்சிருக்கானா?” அப்போதுதான் நான் மேடையின் பக்கவாட்டைப் பார்த்தேன். வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக்காரர், கையில் சிறு தாளத்தோடு சொல்கட்டு சொல்கிறவர், வயலின், புல்லாங்குழல், சித்தார். நடுவில் மத்தளம் மாதிரி நீண்ட ஒரு வாத்தியத்தை மடியில் கிடத்தி இரண்டு கையாலும் வாசிக்கிற ஒருவர். அதன் பெயர் மர்தளம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒடிசியை இன்றைக்கு நாம் பார்க்கும் வடிவுக்குக் கொண்டுவந்தவர்களில் தலையானவரான கேளுசரண் மகாபாத்ரா அந்த வாத்தியத்தில் கைதேர்ந்தவர். தம் சிஷ்யைகள் ஆடும்போது தாமே மர்தளத்தோடு மேடையில் உட்கார்ந்தவர். இதெல்லாம் பின்னால் படித்தவை. அன்று அம்மாவுக்குச் சொல்வதற்காக அந்த வாத்தியக்காரரின் கையைப் பார்த்தேன். பார்த்துப் பார்த்துச் சொன்னேன். இப்போ இடது கை, இப்போ விரல் மட்டும், இப்போ நிறுத்திட்டாரு, அவ குதிகாலை ஊன்றி நிக்கா, இப்போ ரெண்டு பேரும் சேர்ந்து.

“சேர்ந்தாச்சு, எனக்குக் கேட்டுது” என்றாள் அம்மா.

அந்தப் பெண்ணின் காலும் அந்த மனிதரின் கையும் சேர்கிற இடத்தை நான் கண்ணால் பிடிப்பதற்கு முன்பே அவள் காதால் பிடித்துவிட்டாள். அவளுடைய வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தது. அந்த மிதி எனக்குத் தெரியும். குழித்தறியில் இரண்டு மிதிகளையும் மாற்றி மாற்றி அழுத்துகிற மிதி அது. ஒரு மிதி இறங்கும்போது பாவு திறக்கும், ஓடம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும், பலகை வந்து நூலை அடிக்கும். மறு மிதி. கையும் காலும் தனித்தனி வேலை பார்த்து அடியில் ஒன்று சேர வேண்டும், சேராவிட்டால் துணியில் பழுது தெரியும். அந்தக் கணக்கில் ஒரு ஆயுளைப் போக்கியவளுக்கு ஒடிசியின் தாளம் அந்நியமாக இருக்கவில்லை. சங்கீதம் படிக்காதவளுக்கு இது பிடிபடாது என்று நான் அவள் சார்பாகவும் முடிவு செய்து வைத்திருந்தேனே என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது.

அதற்குப் பிறகு ஜனவரி வந்தால் நாங்கள் போனோம். நான் வேலை முடிந்து நேரே போவேன், அம்மா யாராவது துணையோடு பஸ்ஸில் வந்து சேர்வாள். கடைசி நாகர்கோவில் வண்டியை விட்டுவிடாமல், உதியன்குளங்கரையில் இறங்கி, ஆட்டோ கிடைத்தால் ஆட்டோ, இல்லாவிட்டால் பேசிக்கொண்டே நடை. அந்த நடையில்தான் என் பாடம் நடந்தது. அவள் கேட்டதைச் சொல்வாள், நான் பார்த்ததைச் சொல்வேன்.

கதக் அவளுக்கு மிகவும் பிடித்தது. ஆடுகிறவர் மைக்குக்கு முன் வந்து தா-தின்-தா என்று வாயால் சொல்லி, பிறகு அதையே காலால் ஆடிக் காட்டுவார். தபலாக்காரர் எதிர்க்கட்சி மாதிரி பதில் சொல்வார். இந்த நேரமெல்லாம் சாரங்கியோ ஹார்மோனியமோ ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். லெஹரா என்று பெயர். அந்த ஒரே வரி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, சலிப்பாகக்கூட இருந்தது. அம்மா சொல்லித் தந்தாள். “அதுதான் பாவு. அது அசையாம கிடந்தாத்தான் மத்தவன் ஊடு ஓட்ட முடியும்.” பதினாறு மாத்திரைத் தீன்தாளத்தில் ஆடுகிறவர் எங்கெங்கோ சுற்றிவிட்டு முதல் மாத்திரையில், சமத்தில், வந்து காலை ஊன்றும்போது வடக்கே சபையே ‘வா’ என்று சொல்லும். எங்கள் மேல்படியில் அம்மா “வந்துட்டா” என்பாள். முன்னே இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு நானும் அவளோடு சேர்ந்து சொல்லத் தொடங்கினேன்.

மணிப்பூரிலிருந்து வந்தவர்கள் பங் என்ற மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசித்தபடியே எழும்பிக் குதித்து, சுழன்று ஆடினார்கள். வாசிப்பவர் வேறு, ஆடுபவர் வேறு என்ற பிரிவே அங்கு இல்லை. மைக்கிலிருந்து விலகிப்போகும்போது சத்தம் குறைந்தும் நெருங்கும்போது கூடியும் வந்ததைக் கேட்டு அம்மா, “மேளம் நடக்குதே!” என்றாள். அசாமிலிருந்து வந்த சத்ரியாவில் கோல் என்ற மேளம். சங்கரதேவரின் மடங்களில் நூற்றாண்டுகளாக ஆடிவந்த அந்த ஆட்டத்தை 2000-இல்தான் சங்கீத நாடக அகாடமி செவ்வியல் நடனங்களில் ஒன்றாகச் சேர்த்தது. மோகினியாட்டத்துக்கு இடக்கா. இடது தோளில் தொங்கவிட்டு, மெல்லிய கோலால் தட்டி, கயிற்றை அழுத்தி அழுத்தி ஒரே தோலிலிருந்து ஏற்ற இறக்கமான ஸ்வரங்களை வரவழைப்பார்கள். கோயில் சன்னிதிப் படியருகே நின்று வாசிக்க வேண்டிய வாத்தியம் அது. அதன் ஒலி வந்ததும் அம்மா கைகூப்பிவிடுவாள்.

இப்படி ஒவ்வொரு மூலையிலிருந்தும் வந்தவர்களைப் பார்த்தபோது எனக்கு ஒன்று வியப்பாக இருந்தது. ஆட்டங்களின் உடுப்பு வேறு, நிலை வேறு, கதை வேறு. வாத்திய வரிசையில் மட்டும் ஒரு முகம் திரும்பத் திரும்ப வந்தது. வயலின். மேல்நாட்டிலிருந்து வந்த அந்தக் கருவி நம் ஆட்டங்களுக்குப் பக்கத்தில் எப்போது உட்கார்ந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடல் எங்கள் தலைநகருக்கே திரும்பிவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, சென்னையில் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் வயலின் கற்றவர். தீட்சிதரின் சிஷ்யர்களான தஞ்சை நால்வரில் இளையவர் வடிவேலு. நாட்டியத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் தஞ்சாவூரை விட்டுத் திருவனந்தபுரம் வந்து சுவாதித் திருநாள் சபையில் சேர்ந்தார். அவருடைய வயலினில் மயங்கிய மகாராஜா 1834-இல் யானைத் தந்தத்தால் செய்த ஒரு வயலினை அவருக்குப் பரிசளித்தார். அதே சபையில்தான் மோகினியாட்டத்துக்கான பதங்களும் வர்ணங்களும் பிறந்தன. ஐரோப்பியக் கருவி, தஞ்சாவூர்த் தமிழ் நட்டுவனார், மலையாள நாட்டின் ஆட்டம். கனகக்குன்னு மேடையில் பலதேச ஆட்டங்களை ஒன்றாகப் பார்ப்பது புதுமை என்று நினைத்திருந்தேன். இங்கே அந்த வேலை இருநூறு வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கிறது, நடத்தியவர்கள் வாத்தியக்காரர்கள்.

வாத்தியக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு என்று தெரிந்தபோது என் பார்வை இன்னும் மாறியது. பரதத்தைச் சதிர் என்று ஆடிய காலத்தில் சின்ன மேளம் என்ற வாத்தியக் கூட்டத்தார், ஆடுகிறவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவள் முன்னே போனால் முன்னே போய், பின்னே வந்தால் பின்னே வந்து வாசித்தார்கள். கிளாரினெட்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தது. ருக்மிணி தேவி பரதத்தைப் புதிய மேடைக்கு ஏற்றியபோது அவர்களை ஓரத்தில் உட்கார வைத்தார். மேடை அழகானது, ஆடுகிறவளுக்கு இடம் கிடைத்தது, உண்மைதான். ஆனாலும் நம் கண் அவர்களை விட்டு விலகியது அதோடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கதகளியில் இன்றைக்கும் அப்படி இல்லை. வேஷக்காரருக்குப் பின்னால் சேங்கிலையும் இலத்தாளமும் பிடித்துப் பாட்டுக்காரர்கள் நிற்கிறார்கள், பக்கத்தில் செண்டையும் மத்தளமும் நின்றபடியே முழங்குகின்றன. இரவெல்லாம் நிற்கிறார்கள்.

கதகளியைச் சொன்னதும் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கோயில்கள் நினைவுக்கு வருகின்றன. உத்சவத்தில் கதகளி இருக்கும் நாளில் அந்தி நேரத்தில் கேளி கொட்டுவார்கள். செண்டை, மத்தளம், சேங்கிலை, இலத்தாளம். இன்றிரவு இங்கே ஆட்டம் உண்டு என்று வயல் தாண்டி, தோப்பு தாண்டி அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அறிவிப்பது அந்தக் கொட்டுதான். நோட்டீஸ் அடிக்காத காலத்தில் மனிதர்கள் முதலில் காதால் அழைக்கப்பட்டார்கள், கண்ணுக்கு ஆட்டம் கிடைத்தது அதற்குப் பிறகு. சிறுமியாக நான் எத்தனையோ தடவை கேட்ட சத்தம் அது. ஒட்டன்துள்ளல், தமிழும் மலையாளமும் கலந்து பாடுகிற காக்காரிசி நாடகம், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் நையாண்டி மேளமும் கரகமும், வில்லுப்பாட்டின் உடுக்கையும் குடமும். பள்ளி போகாத பாட்டிகள் அதிலெல்லாம் தப்பு எங்கே, சரி எங்கே என்று சொல்லிவிடுவார்கள். நாட்டியத்தை ரசிக்க எனக்குப் படிப்பு இல்லை என்று நான் நம்பியிருந்தேன். படிப்பு அந்த முற்றங்களில், பாயை விரித்து அம்மா மடியில் தூங்கி வழிந்தபடி, காசு கொடுக்காமலே நடந்து முடிந்திருந்தது. கனகக்குன்னில் அம்மா அதை எனக்கு ஞாபகப்படுத்தினாள்.

காசில்லாமல் என்பதையும், எல்லாருக்கும் என்பதையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வரும் வரையில், நான் சொன்ன முற்றங்களில் எங்கள் ஊரிலேயே பாதிப்பேருக்கு இடமில்லை. கேளிகொட்டு அவர்கள் குடிசைக்கும் கேட்டிருக்கும். கேட்டுவிட்டுத் தூரத்தில் நின்றிருப்பார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன், வேளிமலை முருகன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகக் களியக்காவிளை, பாறசாலை வழியே எங்கள் பக்கமாக வருவார்கள். நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கித் திருவனந்தபுரம் போவார்கள். அங்கே கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதியின் முன்னால் கச்சேரி. சீட்டு கிடையாது, கைதட்டலும் கிடையாது. சரஸ்வதியை வைத்துப் பாடும் அந்த மண்டபத்தில் 2006 வரையில் ஒரு பெண் பாடியதில்லை. முதலில் பாடியவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவர் எண்பதைத் தாண்டியிருந்தார். 1924-இல் பிறந்து, திருவனந்தபுரம் சங்கீதக் கல்லூரியின் முதல் மாணவியாகப் படித்து, அங்கேயே கற்பித்து, நெய்யாற்றின்கரை வாசுதேவன் போன்றவர்களை உருவாக்கியவர். அவருக்கு அந்த மேடை கிடைக்க அத்தனை காலம் ஆயிற்று. 2017-இல் பத்மஸ்ரீ. 2021-இல் மறைந்தார். ஊர்வலம் வரும்போது தெருவில் நின்று கும்பிடும் எங்கள் பக்கத்துப் பெண்கள் அவர் பெயரையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதனால்தான் திறந்த மைதானம் எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. அங்கே உடுப்பு என்ன என்று கேட்பார் இல்லை. நடுவில் எழுந்து போகலாம், திரும்பி வரலாம். குழந்தை அழுதால் யாரும் முறைப்பதில்லை. தெரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆற்றங்கரையில் 1929-இல் ஆர்தர் ஃபீட்லர் இலவசத் திறந்தவெளி ஆர்க்கெஸ்ட்ராக் கச்சேரிகளைத் தொடங்கினார் என்றும், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் 1965-இலிருந்து பூங்காக்களில் அப்படி வாசித்து வருகிறது என்றும் படித்தபோது மனசுக்கு இதமாக இருந்தது. அந்த ஆர்க்கெஸ்ட்ராக்கள் வாசிக்கிற உருப்படிகளிலும் எத்தனையோ ஆட்டங்கள். பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்கள், த்வோர்ஷாக்கின் ஸ்லாவிய நடனங்கள். பாக் எழுதிய சூட்டுகளில் ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்டங்களின் நடைகள் வரிசையாக வரும். கம்ப்யூட்டரில் அவற்றைப் போட்டு அம்மாவைக் கேட்கவைத்தேன். ஹங்கேரிய நடனத்தில் வேகம் திடீரென்று தளர்ந்து, பிறகு பாய்கிற இடத்தில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஆடுறவ எங்க?” என்று கேட்டாள். ஆடுறவங்க யாரும் இல்லம்மா, வாத்தியம் மட்டும்தான் என்றேன். “இருப்பா. இல்லாம இப்படி நிறுத்த மாட்டான்” என்றாள்.

அவளுக்குப் பிற்பாடு கண் அறுவை நடந்தது, ஒரு கண்ணில் பார்வை நன்றாகவே திரும்பியது. அடுத்த ஜனவரியில் மேடையைப் பார்த்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஆடுகிறவளின் உடுப்பையும் ஜரிகையையும் நெசவுக்காரியின் கண்ணால் ஆராய்ந்தாள். அது கைத்தறி, இது பவர்லூம் என்றெல்லாம் சொன்னாள். பிறகு அவள் கண் மேடையின் ஓரத்துக்குப் போய்விட்டது. தான் இத்தனை காலம் கேட்ட கைகளை அவள் அன்றுதான் பார்த்தாள்.

இப்போது எனக்கு ஒரு கவலை உண்டு, அதை எழுதாமல் இருக்க முடியாது. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது பல மேடைகளில் ஓரத்திலும் இல்லை. பாட்டைப் பதிவுசெய்து கொண்டுவந்து, பென்டிரைவைச் செருகி ஆடுகிறார்கள். காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. ஐந்து வாத்தியக்காரர்களுக்கு ரயில் செலவு, தங்குமிடம், சாப்பாடு, சம்பளம் எல்லாம் கொடுக்க ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணால் முடியாது. நாட்டியம் படிக்கவே வழியில்லாமல் போனவள் நான், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் பதிவுசெய்த பாட்டு ஆடுகிறவளுக்காகக் காத்திருக்காது. அவள் ஒரு நிலையில் இன்னும் ஒரு நொடி நிற்க ஆசைப்பட்டாலும் அது நகர்ந்துவிடும். கேளுசரணின் கையும் சிஷ்யையின் காலும் ஒருவரையொருவர் பார்த்துச் சேர்ந்ததே, அந்தச் சேர்க்கை பென்டிரைவில் வராது. இலவச விழா நடத்துகிற அரசும் கோயில் கமிட்டிகளும் மேடை அலங்காரத்துக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை வாத்தியக்காரர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்து ஜனங்கள் எழுந்து போகும் நேரத்தில் அவர்கள் பெயரை அவசரமாக வாசிப்பதை நிறுத்தி, தொடக்கத்திலேயே, யார் எந்த வாத்தியம் என்று காட்டிச் சொல்ல வேண்டும். என்னைப்போல் ஒன்றும் தெரியாமல் மேல்படியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிய உபகாரம்.

2025 ஜனவரியில் மாநிலப் பள்ளிக் கலோத்சவம் திருவனந்தபுரத்தில் நடந்தது. மேடைகளுக்கு நதிகளின் பெயர் வைத்திருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்னே மறைந்த எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயரின் நினைவாக முதன்மை மேடைக்கு எம்.டி. நிளா என்று பெயர். அந்த வருஷம்தான் பழங்குடி மக்களின் ஆட்டங்கள் ஐந்து முதல்முறையாகப் போட்டியில் சேர்க்கப்பட்டன. மங்கலங்களி, பணிய நிருத்தம், இருள நிருத்தம், பளிய நிருத்தம், மலைப்புலையர் ஆட்டம். இதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை, யாரும் போய்ப் பார்க்கலாம். மற்ற பல ஆட்டங்களுக்குச் சி.டி.யில் பாட்டு ஓட, இந்தப் பிள்ளைகள் தங்கள் மேளத்தையும் குழலையும் தாங்களே கொண்டுவந்து தாங்களே வாசித்தார்கள். இடுக்கி மலையிலிருந்து வந்த ஆட்டத்தில் உறுமி முழங்கியபோது, எங்கள் ஊர்க் கொடைகளில் கேட்ட அதே உறுமி, நான் இருந்த இடத்தைவிட்டு எழுந்துவிட்டேன். காட்டுக்குள் இருக்கும் குடிகளின் பிள்ளைகள், தலைநகரத்து மேடையில், தங்கள் வாத்தியத்தோடு.

அன்று என்னோடு எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிப் போயிருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். திரும்பி வருகையில் அவள் என்னிடம், நடனம் படிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மேளம் படிக்க வேண்டும், வீட்டில் எனக்காகச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் அப்பா யோசித்தார், பாட்டி தடுத்தாள், அவளுடைய அம்மா என் பக்கம் பேசினாள். இப்போது நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஓர் ஆசானிடம் செண்டை படிக்கிறாள். கூடப் படிப்பவர்களில் பெண்பிள்ளைகளும் உண்டு. இன்னும் தோலைத் தொடவில்லை. புளியங்கோலால் கருங்கல்லில்தான் சாதகம். சாயங்காலமானால் அவர்கள் முற்றத்திலிருந்து அந்தக் கல்லடி எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அம்மா திண்ணையில் இருந்தபடி, மூன்றாவது அடி பிந்துகிறது என்று மதிலுக்கு மேலாகச் சத்தம் போட்டுச் சொல்கிறாள். அந்தப் பிள்ளை முதலிலிருந்து தொடங்குகிறாள்.